புதுக்கோட்டைக் கைகளுக்கு ஒரு கார்பன் விமானம்

படகுக்கு ஃபைபர் போடும் கடற்கரை, காருக்குப் பட்டி பார்க்கும் பட்டறை, கோடையில் மைதானமாகிவிடும் கண்மாய்... வான்சாகச ஆர்.சி. விமானம் ஒன்றைக் கட்டத் தேவையானதெல்லாம் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ்தான் இன்னும் சேரவில்லை!

5 கிலோ எடையுள்ள விமானம் ஒன்று மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வருகிறது. தரையில் நிற்பவர் ரிமோட்டின் குச்சியைப் பின்னால் இழுக்கிறார். விமானம் மூக்கைத் தூக்கி, 15 மீட்டர் ஆரத்தில் வட்டமடிக்கத் தொடங்குகிறது. அந்த வட்டத்தின் அடிப்பகுதியில் அதன் இறக்கை தாங்க வேண்டிய பாரம் எவ்வளவு தெரியுமா? 35 கிலோ. தன் எடையைப் போல ஏழு மடங்கு!

வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்து, அதோடு புவியீர்ப்பைக் கூட்டி, விமானத்தின் நிறையால் பெருக்கினால் விடை வந்துவிடும். பிளஸ் ஒன் இயற்பியல் படித்த யாரும் போட்டுவிடலாம். ஆனால், அந்த 35 கிலோவைச் சுமந்தும் வளையாத, முறுக்கிக்கொள்ளாத, அதிராத ஓர் இறக்கையைக் கையால் செய்து முடிப்பது பெரிய வித்தை. இறக்கை கொஞ்சம் வளைந்தாலும் வட்டம் கோணலாகிவிடும். முறுக்கிக்கொண்டால் விமானம் ஒரு பக்கமாகச் சாயும். படபடவென்று அதிரத் தொடங்கிவிட்டாலோ, என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் துண்டு துண்டாகக் கீழே விழும். இந்த மூன்றையும் தடுக்கத்தான் கார்பன் ஃபைபர் வந்தது.

ரேடியோ மூலம் தரையிலிருந்து இயக்கும் ஆர்.சி. வான்சாகச விமானம் என்றால் சென்னை, பெங்களூரு ஆட்களின் காஸ்ட்லியான பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதை வாங்குவதற்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. கட்டுவதற்கு வேண்டியது கைத்திறன். அந்தக் கைத்திறன் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அந்நியமானது இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2 மீட்டர், 2 மீட்டர், 5 கிலோ

அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த இரட்டையர்கள் வால்ட்டர் குட், வில்லியம் குட் இருவரும் மரக்குச்சிகளாலும் மெல்லிய உறையாலும் 'கஃப்' என்ற ரேடியோ விமானத்தைக் கட்டினார்கள். 1938-ல் அந்நாட்டுத் தேசியப் போட்டியில் அது வென்றது. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1960-ல் சுவிட்சர்லாந்தில் ரேடியோ வான்சாகசத்துக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. இன்று 'எஃப்3ஏ' என்ற பெயரில் அந்தப் போட்டி தொடர்கிறது. விதி எளிமையானது. இறக்கை 2 மீட்டருக்குள், நீளம் 2 மீட்டருக்குள், எடை 5 கிலோவுக்குள். இந்த எல்லைக்குள் நின்று லூப் (செங்குத்து வட்டம்), உருளல், கத்திமுனைபோல ஒருக்களித்துப் பறத்தல், செங்குத்தாக ஏறி நின்று திரும்புதல், சுழன்று இறங்குதல் என ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் செய்துகாட்ட வேண்டும். நடுவர்கள் ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண் போடுவார்கள்.

இந்த 5 கிலோவில்தான் சூட்சுமம் இருக்கிறது. மின்மோட்டாரில் பறக்கும் விமானத்துக்குப் பேட்டரி மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் வரும். மோட்டார் அரை கிலோவைத் தாண்டும். இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சர்வோக்கள், வயர்கள், சக்கரம், புரொப்பல்லர் எல்லாம் போக, உடலுக்கும் இறக்கைக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். 2 மீட்டர் நீள விமானத்தின் வெற்று உடல் ஒரு கிலோவுக்கும் குறைவாக இருந்தாக வேண்டும். அதே சமயம், ஒரு கையால் வாலைப் பிடித்து மறு கையால் மூக்கைத் திருகினால் அசையக்கூடாது.

பால்சா மரம் இதை நெடுங்காலம் செய்து காட்டியது. இப்போதும் செய்கிறது. ஆனால், அதிவேகத்திலும் விறைப்பு குறையாமல், ஒரே அச்சில் மீண்டும் மீண்டும் அதே விமானத்தை எடுக்க வேண்டுமென்றால் கார்பன்தான் வழி.

நெசவின் போக்கு

1958-ல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் கார்பன் இழைகளின் அபார வலிமையை ஆய்வகத்தில் கண்டறிந்தார். அதன்பின் ஜப்பானில் அகியோ ஷிண்டோவும், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தினரும் செயற்கை இழையைச் சூடேற்றிக் கார்பனாக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். 1970-களில் ஜப்பானின் டோரே நிறுவனம் அதை வணிகப் பொருளாக்கியது.

அந்த நிறுவனத்தின் அடிப்படை ரகமான டி300 இழையை எடுத்துக்கொள்வோம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.85 கிராம். இந்த இழை 1.76 கிராம். கால் பங்குக்கும் குறைவு. ஆனால், இழையின் போக்கிலேயே இழுத்துப் பார்த்தால் எஃகைவிட விறைப்பு அதிகம். 'இழையின் போக்கில்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கார்பன் விமானம் கட்டும் கலை முழுவதும் அந்தச் சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது.

ஒரு வேட்டியை நூல் ஓடும் திசையில் இழுத்துப் பாருங்கள், கொடுக்காது. மூலைவாட்டில் இழுத்தால் உடனே நீண்டு கொடுக்கும். கார்பன் துணியும் அப்படித்தான். அதனால் எந்தத் திசையில் பாரம் வருமோ, அந்தத் திசையில் நூல் ஓட வேண்டும். லூப் அடிக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கும். அதைத் தடுக்க, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரில் நூல்கள் வேரிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும். உருளும்போது இறக்கை முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க, மேல்தோலில் துணியை 45 டிகிரி மூலைவாட்டில் விரிக்க வேண்டும். இது தெரியாமல் துணியை நேராகப் போட்டுவிட்டால், கார்பனுக்குக் கொடுத்த காசு வீண். பார்க்கக் கறுப்பாக, அழகாக இருக்கும். பறக்கும்போது முறுக்கிக்கொள்ளும்.

அடுத்தது சாண்ட்விச். இரண்டு மெல்லிய கார்பன் தோல்களுக்கு நடுவே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் இலேசான ஃபோம் அட்டையை வைத்து ஒட்டுவார்கள். தோல்களுக்கு இடையிலான தூரம் இரண்டு மடங்கானால் வளைவை எதிர்க்கும் விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். எடையோ ஃபோம் அளவுக்கு மட்டுமே கூடும். இதே தத்துவத்தில்தான் பெரிய விமானங்களின் பல பாகங்களும் செய்யப்படுகின்றன. 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த நம் தேஜஸ் போர் விமானத்தின் சட்டகத்தில், எடைக்கணக்கில் 45 சதவீதம் வரை கார்பன் கலவைதான்.

அச்சு, மெழுகு, உப்புத்தாள்

விமானத்தைக் கட்டுவதற்கு முன்னால் விமானத்தின் அச்சைக் கட்ட வேண்டும். அச்சுக்கும் முன்னால் அதே வடிவத்தில் ஒரு மூல உருவம் வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் இதை 'பிளக்' என்பார்கள். கம்ப்யூட்டரில் வரைந்து, எம்.டி.எஃப். பலகையிலோ கெட்டி ஃபோமிலோ சி.என்.சி. இயந்திரத்தில் செதுக்கி எடுப்பது இன்றைய வழக்கம். நல்ல கண்ணும் பொறுமையும் உள்ள மர ஆசாரி அட்டை அளவுகோல்களை வைத்துக் கையாலேயே இழைத்தும் எடுக்கலாம்.

அதற்குப் பிறகு வருவதுதான் உயிரை வாங்கும் வேலை. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, மறுபடி பட்டி பார்த்து, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். 80-ஆம் நம்பர் தாளில் தொடங்கி 2000 வரை போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் உள்ளங்கைக்குத் தெரியும். தெரியவும் வேண்டும். ஏனெனில், பிளக்கில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் அச்சில் பதியும். அச்சில் பதிந்தது ஒவ்வொரு விமானத்திலும் பதியும். புதுக்கோட்டை நகரத்திலும், அறந்தாங்கியிலும், கீரனூரிலும் கார் டிங்கரிங், பெயின்ட்டிங் பட்டறைகளில் இந்த வேலையைத் தினமும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நசுங்கிய கதவைத் தடவிப் பார்த்தே மேடு பள்ளம் சொல்லும் அந்த உள்ளங்கைதான் விமானத்தின் பிளக்குக்கும் வேண்டும்.

பிளக் கண்ணாடிபோல ஆனதும் மெழுகு பூசித் துடைப்பார்கள். பலமுறை பூசி, பலமுறை துடைத்தாக வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் அச்சு அங்கே ஒட்டிக்கொண்டு, பிளக், அச்சு இரண்டும் பாழாகும். மேலே ஜெல்கோட் பூச்சு, அதன்மேல் கண்ணாடி இழை மேட், ரெசின். பாதியாகப் பிரித்து, உடலுக்கு இடம், வலம் என இரண்டு அச்சு. இறக்கைக்கு மேல், கீழ் எனத் தனித்தனி அச்சுகள். இந்த அச்சுகளைச் செய்யும் உழைப்பு, விமானம் கட்டும் உழைப்பைவிட அதிகம். ஆனால், ஒரு முறை செய்துவிட்டால் அதிலிருந்து பல விமானங்களை எடுக்கலாம்.

ரெசின் காத்திருக்காது

இப்போது துணி விரிக்கும் நேரம். எபாக்ஸி ரெசினையும் ஹார்டனரையும் டிஜிட்டல் தராசில் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் கிராம் பிசகாமல் எடுக்க வேண்டும். கண்மதிப்பு இங்கே எடுபடாது. ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் பாகம் பிசுபிசுப்பாகவோ பலவீனமாகவோ போய்விடும். கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். 10 டிகிரி வெப்பம் கூடினால் ரெசின் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் பகலில் கலந்தால், துணியின் பாதி நனையும் முன்பே கோப்பை கையைச் சுடும். அதனால் கோடையில் இந்த வேலை விடிவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வேறு சிக்கல். ஈரக்காற்றில் எபாக்ஸியின் மேல் மெழுகுபோல ஒரு படலம் படியும். அதைக் கழுவித் துடைக்காமல் அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டாது.

ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி என்றால், கையால் ரெசின் போடும்போது ஏறக்குறைய அதே எடைக்கு ரெசின் குடிக்கும். நல்ல கைக்காரர் அதைக் குறைப்பார். பிரஷ்ஷால் தட்டித் தட்டி, பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, கறுப்புத் துணி நனைந்து மினுமினுப்பு வந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார். மினுமினுப்புக்குமேல் பளபளப்பு தெரிந்தால் ரெசின் அதிகம் என்று அர்த்தம். அதிகப்படி ரெசின் வலிமை தராது, எடையை மட்டும் தரும்.

அதன்மேல் பிறகு உரித்தெடுக்கும் பீல்-பிளை துணி, துளையிட்ட தாள், உபரி ரெசினை உறிஞ்சும் பஞ்சுத் துணி, கடைசியாக ஒரு பிளாஸ்டிக் பை. பையின் ஓரங்களைச் சீல் செய்து, வேக்குவம் பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சுவார்கள். அந்த நொடியில் பை சுருங்கி அச்சோடு ஒட்டிக்கொள்ளும். முழு வெற்றிடம் கிடைத்தால் வெளிக்காற்று ஒரு சதுர மீட்டருக்கு 10 டன் பாரத்தோடு துணியை அழுத்தும். எந்த இரும்புப் பிரஸ்ஸும் இவ்வளவு சீராக, வளைந்த பரப்பு முழுக்க அழுத்த முடியாது. இதற்கான பம்ப் எங்கே கிடைக்கும்? தெருவுக்கு ஒரு ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக் இருக்கிறாரே, கேஸ் ஏற்றுவதற்கு முன் அவர் லைனில் போடுகிற அதே வேக்குவம் பம்ப் போதும்!

மறுநாள் பையைக் கிழித்து, துணியை உரித்து, அச்சின் ஓரத்தில் மர ஆப்பைத் தட்டினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு பாகம் விட்டுக்கொடுக்கும். கையில் எடுத்தால் காகிதக் கனம்தான் இருக்கும். விரலால் தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். எங்காவது மந்தமான சத்தம் வந்தால் அங்கே காற்றுக் குமிழ் இருக்கிறது, தோல் ஒட்டவில்லை என்று பொருள். அந்தப் பாகத்தைத் தள்ளிவைத்துவிட வேண்டும்.

கோட்டைப்பட்டினம் தரும் பாடம்

அச்சு, மெழுகு, ஜெல்கோட், மேட், ரெசின், ரோலர். இத்தனை சொற்களையும் புதுக்கோட்டை மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத ஓர் இடம் உண்டு. 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும் இம்மாவட்டக் கடற்கரை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி எனக் கரையெங்கும் மீனவர்களின் ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தை இந்தப் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. பாறையில் உரசிய அடிப்பகுதியைக் கிரைண்டர் போட்டுச் சுரண்டி, மேட் வெட்டி ஒட்டி, ரெசின் தடவி, காற்றுக் குமிழ் நிற்காமல் ரோலரை உருட்டி, மறுபடி கடலுக்கு அனுப்பும் வேலையைப் படகுக்காரர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்கிறார்கள்.

படகும் விமானமும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள். படகில் எடை கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. விமானத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். படகுக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசின். அதை இறுக வைக்கக் கோபால்ட், கேட்டலிஸ்ட் இரண்டும் தனித்தனியாகச் சேர்ப்பார்கள். அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும் என்பதும் படகுப் பட்டறைக்காரர்களுக்கு அத்துப்படி. விமானத்துக்கு எபாக்ஸி. கோபால்ட் வேண்டாம், தராசு வேண்டும். கண்ணாடி இழையின் இடத்தில் கார்பன், ரோலரின் இடத்தில் வேக்குவம் பை. படகுக்கு ஃபைபர் போடத் தெரிந்த ஒருவர் இந்த வித்தியாசங்களைப் பழகிக்கொள்ளச் சில வாரங்கள் போதும். பொறியியல் படித்த ஒருவர் அந்தப் படகுக்காரரின் கைப்பக்குவத்தைப் பெற ஆண்டுகள் பிடிக்கும். விமானத் தொழில் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது உண்மையை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை.

நம்ம ஊருக்கு ஏற்ற விமானம்

வெளிநாட்டு மாடலை அப்படியே நகலெடுத்தால் புதுக்கோட்டையில் சரிவராது. இங்கேதான் 'கஸ்டம்' என்பதற்கு அர்த்தம் வருகிறது.

முதல் விஷயம், வெயில். சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி, 50, 60 டிகிரியைத் தொட்டாலே இளக ஆரம்பிக்கும். நிழலில் 40 டிகிரி என்றால், வெயிலில் கிடக்கும் கறுப்பு இறக்கை அதைத் தாண்டிப் போய்விடும். அப்படியே இறக்கை வளைந்துபோனால் பிறகு நிமிர்த்த முடியாது. இதற்கு இரண்டு மருந்து. பாகத்தை அச்சிலிருந்து எடுக்கும் முன்பே பல்புகள் வைத்த ஒரு தெர்மோகோல் பெட்டியில் வைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். அப்போது எபாக்ஸியின் வெப்பத் தாங்குதிறன் உயரும். அடுத்தது, வெள்ளை பெயின்ட். மனிதர்கள் அமர்ந்து பறக்கும் கிளைடர்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதற்கும் இதுவே காரணம். அடிப்பக்கத்தில் மட்டும் அடர்நிறப் பட்டைகள் போட்டால், விமானம் நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்பது நம் கூசும் வானத்திலும் தெரியும்.

இரண்டாவது, தரை. இங்கே தார் ஓடுதளம் இல்லை. தை முடிந்து தண்ணீர் வற்றிய கண்மாயும் செம்மண் பொட்டலும்தான் ஓடுதளம். போட்டி விமானங்களின் சின்னச் சக்கரம் முதல் வெடிப்பிலேயே மாட்டிக்கொள்ளும். பெரிய சக்கரம், அகலமான கார்பன் கால், உடலில் கால் பொருந்தும் இடத்தில் கூடுதலாக இரண்டடுக்குத் துணி. இதற்குச் சில பத்து கிராம் செலவானாலும் தகும்.

மூன்றாவது, ரேடியோ. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைத் தடுக்கும். ரிசீவரை முழுக் கார்பன் உடலுக்குள் பூட்டி வைத்தால், விமானம் தூரம் போனதும் நம் பேச்சைக் கேட்காது. ரிசீவர் இருக்கும் பகுதியை மட்டும் கண்ணாடி இழையில் செய்ய வேண்டும். அல்லது ஆன்டெனாக்களை வெளியே எடுத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்த வேண்டும். கார்பன் அலுமினியத்தோடு நேரடியாகத் தொட்டபடி இருந்தால், ஈரம் பட்டுப் பட்டு அலுமினியம் அரித்துப்போகும். கடல்காற்று வீசும் ஊர்களில் அந்த இடங்களில் நடுவே ஒரு மெல்லிய கண்ணாடி இழை அடுக்கைக் கட்டாயம் போட வேண்டும்.

நான்காவது, பேட்டரி. 10 லித்தியம் பாலிமர் செல்களை வரிசையாகச் சேர்த்தால், முழு சார்ஜில் 42 வோல்ட் வரும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இதை விட்டுவிட்டுப் போவது நெருப்போடு விளையாடுவது. பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். இந்தப் பேட்டரி விஷயத்தில் புதுக்கோட்டைக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. அள்ளிக் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் நிலத்திலும் நிதியிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகமான 'செக்ரி' பக்கத்திலேயே இருக்கிறது. லித்தியம் அயன் பேட்டரியை இந்தியாவிலேயே தயாரிக்கும் தொழில்நுட்பத்துக்காக 2018-ல் தனியார் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்ட ஆய்வகம் அது.

கலாம் காட்டிய வழி

தமிழ்நாட்டில் விமானக் கனவு என்றாலே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில்தான் வந்து நிற்கும். 1949-ல் சி.ராஜம் தொடங்கிய அந்தக் கல்லூரியில், காட்சிக்கு வைத்திருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்களைப் பார்த்துப் பார்த்தே விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அதற்கு முன் அவர் படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். பின்னாளில் அவர் தலைமை தாங்கிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. அதன் நான்காம் கட்டத்தின் உறை, நார் வலுவூட்டிய பிளாஸ்டிக்கால் ஆனது. 1989 மே 22 அன்று பாய்ந்த அக்னி ஏவுகணையின் மூக்கைக் கடும் வெப்பத்திலிருந்து காத்தது கார்பன்-கார்பன் கலவை.

அந்த இலேசான பொருளைப் பார்த்த ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர், தன் வார்டுக்குக் கலாமை அழைத்துச் சென்றார். போலியோ பாதித்த குழந்தைகள் மூன்று கிலோ எடையுள்ள உலோகக் காலிப்பர்களை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். கலாமின் குழுவினர் கார்பன் கலவையில் 300 கிராம் எடையில் காலிப்பர் செய்து கொடுத்தார்கள். தன் வாழ்வில் மிகப் பெரிய மகிழ்ச்சி தந்த வேலைகளில் ஒன்றாக அதையே அவர் மேடைக்கு மேடை சொன்னார். ஒவ்வொரு குழந்தையின் காலுக்கும் அளவெடுத்து, அச்செடுத்து, துணி விரித்து, ரெசின் போட்டுச் செய்வதுதான் அந்தக் காலிப்பர். வான்சாகச விமானம் கட்டப் பழகிய கை, நாளைக்கு ஒரு குழந்தைக்குக் கால் கட்டித் தரும் கையாகவும் ஆகலாம். 'பொழுதுபோக்குக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?' என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அதே எம்.ஐ.டி.யின் வான்வெளி ஆய்வு மையத்தில் வளர்ந்த 'தக்‌ஷா' மாணவர் குழுவைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். ஆர்.சி. விமானங்கள்மீது தீராத காதல் கொண்ட நடிகர் அஜித்குமார் 2018-ல் அந்தக் குழுவுக்கு ஆலோசகரானார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது. மாதிரி விமானத்தில் தொடங்கும் ஆர்வம் எதில் போய் முடியும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சாட்சி இது.

நடுவில் நிற்கும் மாவட்டம்

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடக்கே திருச்சி. பெல் நிறுவனமும் துப்பாக்கித் தொழிற்சாலையும் உள்ள ஊர். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரி 20 அன்று தொடங்கிவைக்கப்பட்ட இடம், அதன் ஐந்து முனையங்களில் ஒன்று. வடகிழக்கே தஞ்சாவூர் விமானப்படைத் தளம். 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 போர் விமானங்களின் படைப்பிரிவு அங்கே இருக்கிறது. தெற்கே காரைக்குடி செக்ரியும், செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளமும். மாவட்டத்துக்குள்ளேயே பெல் நிறுவனத்துக்குப் பாகங்கள் செய்து பழகிய மாத்தூர் தொழிற்பேட்டை. நடுவில் நிற்பது புதுக்கோட்டை.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழு டிரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. பாகங்களுக்குத் தடையில்லை. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு ஆளில்லா வான்கலன்களுக்கென்றே ஒரு கழகத்தைத் தொடங்கியது. ஆக, டிரோனுக்கு உடல் செய்கிற, கை செய்கிற, இறக்கை செய்கிற கைகளுக்கு வேலை காத்திருக்கிறது. சாஃப்ட்வேர் எழுத ஆள் கிடைக்கிறார்கள். அச்செடுத்துக் கார்பன் போடத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

வான்சாகச விமானத்தைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நான்கு மோட்டார் டிரோனில் உடல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கம்ப்யூட்டர் சரிக்கட்டிவிடும். வான்சாகச விமானம் எதையும் மன்னிக்காது. இடது இறக்கை வலதைவிடச் சில கிராம் கூடினால் லூப்பில் தெரியும். வால் கால் டிகிரி திரும்பியிருந்தால் செங்குத்தாக ஏறும்போது தெரியும். எடையின் மையம் ஒரு விரற்கடை பின்னால் போனால் தரையிறக்கும்போது தெரியும். செய்தவரின் வேலையை நூறு பேர் முன்னால் அது பளிச்சென்று காட்டிவிடும். இப்படி ஒரு பரீட்சையில் தேறிய கையை எந்தத் தொழிற்சாலையும் வரவேற்கும்.

பறக்கவிடும் முன்...

* 2021 ஆகஸ்ட்டில் வந்த டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு உட்பட்டு, கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ கண்பார்வை எல்லைக்குள் பறக்கவிடுபவற்றை 'மாதிரி' வகையாகப் பிரித்து, வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்கின்றன.

* 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பாருங்கள். திருச்சி விமான நிலையமும் தஞ்சை விமானப்படைத் தளமும் அருகில் இருப்பதால் இது மிக முக்கியம்.

* பச்சை மண்டலத்திலும் 400 அடி, அதாவது 120 மீட்டர்தான் உச்சவரம்பு. சர்வதேசப் போட்டியில் 150 மீட்டர் தள்ளி, 60 டிகிரி கோணம்வரை பறப்பார்கள். அப்படியானால் உயரம் 260 மீட்டரைத் தொடும். முழு உயரத்தில் பயிற்சி எடுக்க முன் அனுமதி வேண்டும்.

* கார்பனை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். தூளைத் தண்ணீரால் அடக்கி வேலை செய்யுங்கள். எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அது போகாது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

* மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். ஆடு மாடு மேய்கிற, பிள்ளைகள் விளையாடுகிற கண்மாயில் பறக்கவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது

பெரிய தொகை எதுவும் கேட்கவில்லை. மாவட்டத்து ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஒரு கார்பன் கலவைப் பட்டறை அமைக்கலாம். வேக்குவம் பம்ப், தராசு, பதப்படுத்தும் பெட்டி, சில அச்சுகள் இருந்தால் தொடங்கிவிடலாம். பாடம் எடுக்கப் பொறியியல் ஆசிரியர் ஒருவரும், அவருக்குச் சமமான மரியாதையோடும் சம்பளத்தோடும் ஃபைபர் படகுக்காரர் ஒருவரும் வேண்டும். டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்ப்பவரைப் பிளக் செய்யும் பாடத்துக்கு அழைக்க வேண்டும். அகில இந்திய வாயு சைனிக் முகாமில் மாதிரி விமானப் போட்டி நடத்தும் என்.சி.சி. விமானப் பிரிவு, கீரனூர், அறந்தாங்கி பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும். ஆண்டுக்கொரு முறை தை, மாசியில், உரிய அனுமதியோடு ஒரு பொட்டலில் போட்டி நடத்தலாம். அந்தப் போட்டியில் நன்றாகப் பறந்தவருக்கு ஒரு பரிசும், நன்றாகக் கட்டியவருக்கு அதைவிடப் பெரிய பரிசும் கொடுக்க வேண்டும்.

இன்று ஒரு மீனவரின் மகன் அப்பாவோடு சேர்ந்து படகுக்கு ஃபைபர் போடக் கற்றுக்கொள்கிறான். அந்த வேலைக்குச் சான்றிதழ் இல்லை, மரியாதையும் குறைவு. கல்லூரியில் விமானப் பொறியியல் படித்து வெளியே வரும் பெண்ணுக்குச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால், அவள் தன் கையால் ஓர் இறக்கையைக்கூடச் செய்து பார்த்திருக்க மாட்டாள். இந்த இருவரையும் ஒரே அச்சுக்கு இரு பக்கமும் நிறுத்திவிட்டால், அங்கிருந்து விமானத் தொழில் தொடங்கிவிடும். மாவட்ட நிர்வாகமும் தொழில்நுட்பக் கல்வித்துறையும் அதற்கான முதல் பட்டறையை வருகிற கல்வியாண்டிலேயே திறக்க வேண்டும்!